இருபத்தெட்டாவது சரம்

எங்கள் சமையலறைக்குக் கொல்லைப் பக்கம் கதவு கிடையாது.
முன்னொரு புயல் பிய்த்துக்கொண்டு போனதைப்
பக்கத்து வீட்டு மாமரம் இன்னும் மடியில் வைத்திருக்கிறது.
மாஹேபூரில் புதுக் கதவுக்கு விலை கேட்டேன்,
திரும்பி வந்து திரைத் துணி விலை கேட்டேன்,
அப்புறம்தான் தொட்டியடியில் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன்.

பீர் மூடிகள்.
தீவேங்கடம் குடித்தது.
(திருவேங்கடம்தான். முப்பாட்டனைப் பதிவு செய்த குமாஸ்தா
நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.)
நாளுக்கு மூன்று. தீபாவளிக்குப் பதினொன்று.
காவடி விரதத்தின் பத்து நாளும் பூஜ்யம்.

ஓப்பனர் தேடுகிற ஆள் இல்லை அவர்.
சிகரெட் லைட்டரின் அடிப்பக்கத்தால் ஒரு நெம்பு.
அதனால் அவருடைய மூடிகள் எல்லாம்
ஒரே பக்கம் இலேசாக உதடு பிதுக்கியிருக்கும்.
ஆயிரத்தில் ஒன்றைக் கலந்து கொடுத்தாலும்
இருட்டில் விரலால் தடவிச் சொல்லிவிடுவேன்.

ஓர் ஆணி, சுத்தியல், அடியில் பலகைத் துண்டு.
மேலும் கீழும் இரண்டு துளை.
மீன் நரம்பில் கோத்தால் அறுபது மூடிக்கு ஒரு சரம்.
வாசலுக்கு முப்பத்தாறு சரம் என்று அளந்திருந்தேன்.
சண்டையாகப் போட வேண்டியதை
ணங் ணங்கென்று ஆணியிடம் சொல்லிவிட்டுத்
தூங்கப் போனேன்.
பதினாறாவது சரம்
அவர் தம்பி இறந்தபோது.
ஒன்பதே நாளில் நிறைந்தது.

இருபத்தெட்டாவது சரம், முப்பதாவது மூடி.
மறுநாள் தொட்டியடியில் ஒன்றும் இல்லை.
அதற்கு மறுநாளும்.
ஒளித்து வைத்துக் குடிக்கிறாரோ என்று
அரிசி வாளி, ஸ்கூட்டர் பெட்டி,
சாமி மாடத்தின் பின்பக்கம்கூடத் துழாவினேன்.
நிறுத்தித்தான்விட்டார்.
ஏன் என்று கேட்கவில்லை.
இப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையை
யாராவது தொட்டு எழுப்பிக் கேட்பார்களா,
தூங்கிவிட்டாயா என்று?

திரைதான் அந்தரத்தில் நின்றது.
முக்கால் வாசல் தகரம், கால் வாசல் வெயில்.
வெட்கத்தை விட்டு லாம் கடைக்குப் போனேன்.
ஐந்நூற்றுப் பத்து மூடி வேண்டும் என்றேன்.
கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்:
"உங்க வீட்டுல இல்லாத மூடியா, மதாம்?"
பதில் இருந்தது.
என் வாயிலும் ஒரு மூடி இருந்தது.

இவை வேறு ஜாதி.
கடைச் சுவரில் அறைந்த ஓப்பனரில் திறந்தவை,
நடு மண்டையில் மடிந்து,
மன்னிப்புக் கேட்கிற தினுசில்.

சாயங்காலம் அவரே ஆணியை எடுத்தார்.
பலகையை நகர்த்திக் கொடுத்தேன்.
அந்த மாதம் முழுக்கக் கை நடுக்கம்.
அடி ஓரத்தில் விழுந்தது, விரலில் விழுந்தது.
ஒரு மூடி துள்ளிப்போய் அடுப்படியில் சுழன்று
வெகுநேரம் கழித்துத்தான் படுத்தது.
"கோணல். வீசிடு" என்றார்.
வீசவில்லை.
துளை கோணினால் மூடி நேராகத் தொங்காது,
தலையைச் சாய்த்துக்கொண்டு
யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல் தொங்கும்.
முப்பத்தொன்றாம் சரம் வரை அப்படித்தான்.
முப்பத்து மூன்றில் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டன.
முப்பத்தைந்தில் மறுபடியும் நாலைந்து கோணல்.
அன்று தம்பியின் திதி.
தொட்டியடி சுத்தமாகத்தான் இருந்தது.

நேற்று மரிலீன் வந்தாள், சர்க்கரை கடன் கேட்டு.
திரையை விலக்கினாள், விட்டாள்,
சத்தத்துக்காக மறுபடி விலக்கினாள்.
"இதே மாதிரி எனக்கும் ஒன்று செய்து தருவாயா?
புருஷன் குடித்ததையெல்லாம் இப்படி மாட்டிவிட்டாயே!"
"எல்லாம் அவர் குடித்ததல்ல" என்றேன்.
"வலது பக்கம் எட்டரைச் சரம் லாம் கடையுடையது.
அதில் உன் ஆளும் இருப்பார்."

சிரித்தாள்.
சர்க்கரைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச்
சிரிப்பு நின்ற பிறகும் அங்கேயே நின்றாள்.
பிறகு கடைசிச் சரத்தைப் பிடித்து
மேலிருந்து ஒவ்வொன்றாக
எண்ணத் தொடங்கினாள்.